மைக்ரோவை மில்லியாக்கும் பிரிண்டர் டிரைவர்: ஒரு ஃபைல் ஊர் தாண்டிப் போன வரலாறு

1/
தைராய்டு மாத்திரை டப்பாவை எடுத்துப் பாருங்க. 25, 50, 100 என்று ஒரு எண் இருக்கும். அது மைக்ரோகிராம். மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.
மருத்துவர் 100 மைக்ரோகிராம் என்று டைப் செய்த குறிப்பு, வேறொரு ஊரில் அச்சாகும்போது 100 மில்லிகிராம் என்று வந்தால் என்ன ஆகும்?
இத்தனைக்கும் யாரும் தப்பா டைப் பண்ணல. நடுவில் யாரும் திருத்தவும் இல்ல.

2/
இது எப்படி நடக்கும்னு சொல்றேன்.
மைக்ரோவுக்கு மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடும் பழக்கம் மருத்துவத்தில் உண்டு. பழைய வேர்டு காலத்தில் அதைக் கொண்டுவர, 'சிம்பல்' என்ற ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்து ஆங்கில 'எம்' விசையைத் தட்டுவார்கள். திரையில் மியூ தெரியும். ஃபைலுக்குள்ளே இருப்பதோ வெறும் 'எம்'. கூடவே "இதை சிம்பல் ஃபான்ட்டில் காட்டு" என்று ஒரு குறிப்பு.

3/
அந்த ஃபைல் போய்ச் சேர்ந்த கணினியில் சிம்பல் ஃபான்ட் கிடைக்கலைன்னா, கணினி வேறு ஃபான்ட்டைப் போட்டுக்கொள்ளும். அப்போ 'எம்' என்பது 'எம்' ஆகவே தெரியும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு வித்தியாசம்!
இதே கோளாறில் ≤ என்ற குறி £ ஆகும். ≥ என்ற குறி, மேலே தூக்கி எழுதின சின்ன 3 ஆகும். பழைய மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் சம்பந்தமே இல்லாமல் பவுண்டு குறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

4/
பவுண்டு குறி வந்தால் கண்ணை உறுத்தும், யாராவது கேள்வி கேட்பார்கள். மைக்ரோ இருந்த இடத்தில் மில்லி வந்தால் உறுத்தாது. இயல்பான மருந்தளவு மாதிரியே தெரியும். ஆபத்தே அதுதான்.
"என் கணினியில் சரியா இருக்கு, உங்க கணினியில் ஏன் மாறுது?" இந்தக் கேள்விக்கு அச்சு உலகம் பதில் தேடிய கதையைத்தான் இந்த நீளமான திரெட்டில் சொல்லப் போறேன். கடைசியில், எந்த டிரைவரை எப்போ தேர்ந்தெடுக்கணும் என்பதும் இருக்கு.

5/
முதலில் டிரைவர்னா என்ன? வண்டி ஓட்டுபவர் இல்லை. பழைய மெட்ராஸில் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு துபாஷி இருப்பாரே, அந்த வேலைதான் இது. கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும் பாஷையில் மாற்றிச் சொல்லும் சின்ன புரோகிராம்.
ஒவ்வொரு கம்பெனி பிரிண்டருக்கும் ஒரு பாஷை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு துபாஷி.

6/
1980களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் பரவலாக இருந்தன. எப்சன் பிரிண்டருக்குத் தடித்த எழுத்து வேணும்னா ஒரு ரகசிய எழுத்தை முன்னால் அனுப்பி, பின்னால் கட்டளையை அனுப்பணும். வேறு கம்பெனி பிரிண்டருக்கு அதே கட்டளை புரியாது.
டாஸ் காலத்து வேர்டுபெர்ஃபெக்ட் மாதிரி மென்பொருள்கள், நூற்றுக்கணக்கான பிரிண்டர்களுக்குத் தாங்களே டிரைவர் எழுதி ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தன. ஒரு பிரிண்டருக்காகத் தயாரான அச்சு ஃபைலை இன்னொன்றுக்கு அனுப்பினால் தாள் முழுக்கக் குப்பை எழுத்து வரும்.

7/
இதற்கு முதலில் நல்ல வழி கண்டவர்களில் கல்வித் துறைக்காரர்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டோனால்ட் குனூத், கணிதப் புத்தகங்களை அழகாக அச்சிட டெக் என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் வெளியீட்டு ஃபைலுக்கு, 1979-ல் டேவிட் ஃபுக்ஸ் வடிவமைத்த டிவிஐ என்ற வடிவம். 'கருவியைச் சாராதது' என்பதன் சுருக்கம்தான் டிவிஐ.
எந்த எழுத்து, பக்கத்தில் எந்த இடத்தில், எந்த ஃபான்ட்டில். அவ்வளவுதான் அதில் இருக்கும். அந்தந்தப் பிரிண்டருக்கான டிரைவர் அதைப் படித்து அச்சிட்டுக்கொள்ளும்.

8/
ஆனால் ஒரு குறை. டிவிஐ ஃபைலில் ஃபான்ட்டின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஃபான்ட் இருக்காது. போய்ச் சேரும் இடத்தில் அந்த ஃபான்ட் ஏற்கெனவே இருக்கணும்.
வெளியூர் கிளம்பும்போது "சாப்பாடு அங்கே கிடைச்சிடும்" என்று வெறுங்கையோடு போவது ஒரு வகை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது இன்னொரு வகை. டிவிஐ முதல் வகை. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுதான்.

9/
ஸ்டான்ஃபோர்டு இருக்கும் அதே பாலோ ஆல்ட்டோ பகுதியில்தான் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆராய்ச்சி மையமும் இருந்தது. ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர் 1969-ல், நகலெடுக்கும் இயந்திரத்தில் லேசர் ஒளியால் நேரடியாக எழுதலாமே என்று யோசித்தார். மேலதிகாரிகளுக்கு அதில் ஆர்வம் இல்லை. 1971-ல் பார்க் மையத்துக்கு மாறி அதைச் செய்து முடித்தார். 1977-ல் ஜெராக்ஸ் 9700 என்ற லேசர் பிரிண்டர் விற்பனைக்கு வந்தது.

10/
லேசர் பிரிண்டருக்கு எழுத்து, கோடு என்ற பேதமே கிடையாது. எல்லாமே புள்ளிதான். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால், ஒரு ஏ4 தாளுக்கு சுமார் 87 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால்கூட ஒரு பக்கத்துக்கு ஒரு எம்பிக்கு மேல் நினைவகம் வேணும்.
1984-ல் வந்த முதல் மேக் கணினியின் மொத்த நினைவகமே 128 கேபி. அதில் ஒரு பக்கத்துப் படம்கூட அடங்காது. ஆக, புள்ளிகளை அனுப்பாமல் பக்கத்தை 'விவரித்து' அனுப்ப ஒரு மொழி தேவைப்பட்டது.

11/
பார்க் மையத்தில் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் அப்படி ஒரு மொழியை உருவாக்கும் வேலையில் இருந்தார்கள். பெயர் இன்டர்பிரஸ். ஜெராக்ஸ் அதை வெளியில் விடாமல் வைத்துக்கொண்டது. சலித்துப்போய் 1982-ல் இருவரும் வெளியே வந்து தனிக் கம்பெனி தொடங்கினார்கள்.
வார்னாக் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார்கள். அந்த ஓடையின் பெயர் அடோபி.

12/
1984-ல் அடோபி வெளியிட்ட மொழி போஸ்ட்ஸ்கிரிப்ட். "இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை கோடு போடு, இந்த ஃபான்ட்டில் இந்த எழுத்தை இவ்வளவு பெரிதாக வை" என்று சொல்லும். அளவு எல்லாம் ஓர் அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு என்ற கணக்கில். எத்தனை புள்ளியில் வரையணும் என்பதைப் பிரிண்டர் தானே முடிவு செய்துகொள்ளும்.
மருத்துவத்தில் சொன்னால், மருந்தை "கிலோ எடைக்கு இவ்வளவு" என்று எழுதுகிற மாதிரி. குழந்தைக்கும் அதே சீட்டு, பெரியவருக்கும் அதே சீட்டு. அளவை அந்தந்த உடம்பு தீர்மானிக்கும்.

13/
1985-ல் ஆப்பிள் லேசர்ரைட்டர் வந்தது. விலை 6,995 டாலர். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியைப் புரிந்துகொள்ள அந்தப் பிரிண்டருக்குள்ளேயே 1.5 எம்பி நினைவகமும், மேக்கில் இருந்ததைவிட வேகமாக ஓடும் பிராசசரும் வைத்தார்கள். கணினியைவிடப் பிரிண்டர் புத்திசாலி!
அதே ஆண்டு ஆல்டஸ் கம்பெனியின் பேஜ்மேக்கர் வந்தது. நம்ம ஊர் டிடிபி சென்டர்கள் வரைக்கும் வந்து சேர்ந்த அந்த டிடிபி என்ற தொழில் அங்கே பிறந்தது.

14/
இதில் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. அதே போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலை லேசர்ரைட்டரில் 300 புள்ளியில் புரூஃப் பார்த்துவிட்டு, லினோடைப் கம்பெனியின் லினோட்ரானிக் இயந்திரத்துக்கு அனுப்பினால் 1,270 புள்ளியில் அச்சகத் தரத்தில் வரும். வரி உடையாது, பக்கம் நகராது.
ஒரு அச்சு ஃபைல் ஒரு இயந்திரத்தை விட்டு இன்னொன்றுக்குப் போய் அப்படியே பிழைத்தது. வணிக உலகத்தில் இது பெரிய திருப்பம்.

15/
ஆனால் கட்டுச்சோற்று விஷயத்தில் ஒரு சமரசம் செய்தார்கள்.
லேசர்ரைட்டருக்கு உள்ளேயே 13 ஃபான்ட்கள் பதித்திருந்தார்கள். டைம்ஸ் 4, ஹெல்வெடிகா 4, கூரியர் 4. பதின்மூன்றாவது? ஆமாங்க, நம்ம சிம்பல்!
பிரிண்டரிலேயே இருப்பதால் அந்த 13-ஐயும் டிரைவர் அனுப்பாது. பெயரை மட்டும் சொல்லும். அந்தக் காலத்து மெதுவான கேபிளில் ஒவ்வொரு முறையும் ஃபான்ட்டை அனுப்பினால் பக்கம் வர டீ குடித்துவிட்டு வரணும். அதனால் செய்த நியாயமான சிக்கனம்தான். மைக்ரோ மில்லியாகும் கோளாறுக்கு விதை விழுந்ததும் இங்கேதான்.

16/
சிக்கல் வளர்ந்தது. அடோபி தன் நல்ல ஃபான்ட் வடிவத்தின் நுட்பத்தை ரகசியமாக வைத்திருந்தது. 1989-ல் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ட்ரூடைப் என்ற போட்டி வடிவத்தை அறிவித்தன. 1990-ல் அடோபி தன் ரகசியத்தை வெளியிட்டது.
விளைவு, ஒரே கணினியில் இரண்டு வகை ஃபான்ட். விண்டோஸ் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரில் ஒரு பரிமாற்றப் பட்டியல் இருக்கும். நீங்க ஏரியல் போட்டால் "பிரிண்டரில் ஹெல்வெடிகா இருக்கே, அதைப் போட்டுக்கலாம்" என்று அதுவே மாற்றிக்கொள்ளும். கேட்காமலே!

17/
1990களில் பத்திரிகை, விளம்பரம், புத்தகம் செய்பவர்கள் ஃபிலிம் போட வெளியில் ஒரு கடைக்குப் போகணும். அந்த விலை உயர்ந்த இயந்திரம் அவர்களிடம்தான் இருக்கும். ஃபைலை எப்படிக் கொடுப்பது?
பேஜ்மேக்கர் ஃபைலையே கொடுத்தால் கடையிலும் அதே பதிப்பு, அதே ஃபான்ட் வேணும். அல்லது "பிரிண்ட் டு ஃபைல்" என்று டிக் செய்து, பிரிண்டருக்குப் போக வேண்டியதை ஒரு ஃபைலாகப் பிடித்துக் கொடுக்கலாம். இரண்டாவது வழியில்தான் டிரைவர் தேர்வு உயிர்நாடி.

18/
ஏன்னா, எந்த டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தப் பிரிண்டரின் ஜாதகமே ஃபைலுக்குள் போய்விடும். தாள் அளவு என்ன, எந்த ட்ரேயிலிருந்து எடுக்கணும், எத்தனை புள்ளி, கலரா கறுப்பு வெள்ளையா, எல்லாமே.
இதற்காகவே ஒவ்வொரு பிரிண்டருக்கும் பிபிடி என்ற விவரக் கோப்பு உண்டு. தப்பான பிபிடி வைத்துச் செய்த ஃபைலில் பக்க ஓரம் வெட்டுப்படும். கறுப்பு வெள்ளை பிரிண்டரின் டிரைவரை வைத்தால் கலர் படம் சாம்பலாகும். இல்லாத ட்ரேயைக் கேட்டுக்கொண்டு இயந்திரம் சும்மா நிற்கும்.

19/
சின்ன விஷயம் ஒன்று சொல்றேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல் %! என்ற இரண்டு குறியில் தொடங்கணும். அதைப் பார்த்துத்தான் "இது போஸ்ட்ஸ்கிரிப்ட்" என்று அடுத்த இயந்திரம் புரிந்துகொள்ளும். விண்டோஸ் டிரைவர்கள் அதற்கு முன்னால் 'கன்ட்ரோல் டி' என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தைச் சேர்த்துவிடும். கேபிளில் நேராகப் பேசும்போது "பழைய வேலை முடிஞ்சது" என்று சொல்ல அது தேவை.
ஃபைலாக வேறு கணினிக்குப் போனால், அந்த ஒற்றை எழுத்தால் குழம்பி, மொத்த நிரலையும் எழுத்தாகவே பக்கம் பக்கமாக அச்சடித்துத் தள்ளிய இயந்திரங்கள் உண்டு.

20/
கடைசியில் டிரைவருக்குள்ளேயே ஒரு தேர்வு வைத்தார்கள். விண்டோஸ் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரின் அட்வான்ஸ்டு பகுதியில் நான்கு வழி இருக்கும். வேகத்துக்கு ஏற்றது, இடம் மாற்றுவதற்கு ஏற்றது, இன்னொரு பக்கத்துக்குள் படமாக வைக்க இபிஎஸ், சேமித்து வைக்க ஆர்கைவ்.
தானாக அமைந்திருப்பது எது? வேகம்! பக்கத்திலேயே இருக்கும் பிரிண்டருக்கு அதுதான் சரி. ஊர் தாண்டும் ஃபைலுக்கு அது சரியில்லை. அதற்கு ஒவ்வொரு பக்கமும் தனியாக நிற்கணும், தேவையான ஃபான்ட் கூடவே போகணும். ஃபைல் பெருக்கும், பரவாயில்லை.

21/
போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரே இல்லாதவர்களும் ஒரு தந்திரம் செய்தார்கள். கணினியில் ஆப்பிள் லேசர்ரைட்டர் டிரைவரை நிறுவி, அதன் போர்ட்டை 'ஃபைல்' என்று வைத்துவிடுவார்கள். பிரிண்டர் இல்லாமலே பிரிண்டர் பாஷையில் ஃபைல் கிடைக்கும்.
அதைப் படிக்க எல். பீட்டர் டாய்ச் 1988-ல் வெளியிட்ட கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் இருந்தது. இலவசமாகக் கிடைத்ததால் போஸ்ட்ஸ்கிரிப்ட்டை எந்தச் சாதாரண பிரிண்டரிலும் அச்சிட முடிந்தது.

22/
இப்போ பிடிஎஃப் கதை.
போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரல் மொழி. 50-வது பக்கத்தைப் பார்க்க முதல் 49 பக்கத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டி வரலாம். லேசர்ரைட்டர் அறிமுகத்துக்காக வார்னாக் அமெரிக்க வருமான வரியின் 1040 படிவத்தை போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் எழுதினார். அச்சாக ரொம்ப நேரம் எடுத்தது. அதனால் நிரலை ஒருமுறை ஓட்டி, வரும் விடையை மட்டும் நேரடிக் கட்டளைகளாக எழுதி வைத்தார். சட்டென்று அச்சானது.
சமையல் குறிப்பைக் கொடுக்காமல் சமைத்த சாப்பாட்டையே கொடுப்பது. பிடிஎஃபின் அடிப்படை யோசனை அதுதான்.

23/
1991-ல் வார்னாக் 'கேம்லாட்' என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். எந்தக் கணினியிலும், எந்தத் திரையிலும், எந்தப் பிரிண்டரிலும் ஒரே மாதிரி தெரியும் ஆவணம் வேணும் என்பது சாரம். 1993-ல் பிடிஎஃப் பிறந்தது. பிடிஎஃபைப் படிக்கிற ரீடருக்கே முதலில் 50 டாலர் கேட்டார்கள்! பரவவில்லை. பிறகு இலவசமாக்கினார்கள். அமெரிக்க வரித் துறை தன் படிவங்களை பிடிஎஃபில் கொடுக்க ஆரம்பித்தது. அதன் பிறகு நிற்கவே இல்லை.

24/
பிடிஎஃப் வந்த பிறகும் டிரைவர் குழப்பம் தீர்ந்ததா? இல்லை. ஆரம்ப கால அக்ரோபேட்டில் இரண்டு வழி இருந்தது.
ஒன்று பிடிஎஃப்ரைட்டர். பிரிண்டர் மாதிரியே பட்டியலில் நிற்கும், நேராக பிடிஎஃப் தரும், வேகம். ஆனால் இபிஎஸ் படம் இருந்தால் திரைக்கான மங்கலான மாதிரிப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.
இன்னொன்று டிஸ்டில்லர். முதலில் போஸ்ட்ஸ்கிரிப்ட் செய்து, அதை பிடிஎஃபாக வடிகட்டும். மெதுவானது, ஆனால் தரமானது. சுலபமானதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அச்சகத்தில் அதிர்ச்சி காத்திருந்தது. பிற்காலப் பதிப்புகளில் பிடிஎஃப்ரைட்டரையே எடுத்துவிட்டார்கள்.

25/
இன்னொரு பழைய பழக்கமும் தொடர்ந்தது. பிரிண்டரில் இருந்த அந்த 13 ஃபான்ட்டோடு ஒன்றைச் சேர்த்து, "இந்த 14-ம் எல்லா ரீடரிலும் இருக்கும், ஃபைலில் வைக்கத் தேவையில்லை" என்று பிடிஎஃப் விதி அனுமதித்தது. அந்தப் பட்டியலிலும் சிம்பல் உண்டு. "அங்கே இருக்கும்" என்ற அதே நம்பிக்கை!
அச்சகத் துறை இதை ஏற்கவில்லை. 2001-ல் பிடிஎஃப்/எக்ஸ், 2005-ல் ஆவணக் காப்பகங்களுக்காக பிடிஎஃப்/ஏ என்று சர்வதேசத் தரங்கள் வந்தன. இரண்டிலும் கறாரான விதி ஒன்று. எல்லா ஃபான்ட்டும் உள்ளே இருக்கணும். அந்த 14-க்கும் சலுகை இல்லை. 2008-ல் பிடிஎஃபே ஐஎஸ்ஓ தரம் ஆனது.

26/
நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் நம் டிடிபி தமிழ் ஃபான்ட்கள் எல்லாம் சிம்பல் செய்த அதே வேலையைத்தான் செய்தன. ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தன.
சிம்பலில் 'எம்' தட்டினால் மியூ. பாமினியில் அதே 'எம்' தட்டினால் 'அ'! ஃபான்ட் கூடப் போகவில்லை என்றால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அந்தக் காலத்து டிடிபிக்காரர்களுக்கு இந்த வலி நல்லாவே தெரியும்.

27/
தமிழில் ஃபான்ட் தொலைந்தால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும், ஃபைலைத் திருப்பி அனுப்புவோம். மருந்தளவில் அப்படித் தெரியாது.
இன்னொன்றும் கவனிங்க. பாமினி ஃபான்ட்டை உள்ளே வைத்த பிடிஎஃப் கண்ணுக்கு அழகாகத் தெரியும். அதில் 'அம்மா' என்று தேடினால் கிடைக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே. ஃபான்ட்டை உள்ளே வைப்பது பார்வையைத்தான் காப்பாற்றும், எழுத்தின் அர்த்தத்தை இல்லை. அதற்கு யூனிகோடு வேணும்.

28/
தாள் அளவிலும் இதே கதைதான்.
கண் பரிசோதனைப் பலகையில் 6/60 வரிசை எழுத்து சுமார் 87 மில்லிமீட்டர் உயரம் இருக்கணும். ஆறு மீட்டர் தூரத்துக்கான கணக்கு அது. ஏ4-க்குச் செய்த பலகையை, அமெரிக்க 'லெட்டர்' தாளுக்கு அமைந்த டிரைவரில் "ஃபிட்" என்று அச்சடித்தால் சுமார் 94 சதவீதமாகச் சுருங்கும். எழுத்து 82 மில்லிமீட்டர்தான் வரும். பார்க்க வித்தியாசம் தெரியாது. ஸ்கேல் வைத்து அளந்தால்தான் தெரியும்.

29/
இன்றைக்கு என்ன நிலைமை? மேக்கில் 2001 முதல் திரையில் வரையும் முறையே பிடிஎஃபின் அடிப்படையில் அமைந்தது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007 முதல் பிடிஎஃபாகச் சேமிக்க முடிந்தது. 2015-ல் விண்டோஸ் 10 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்ற டிரைவரோடே வந்தது.
இன்னொரு பக்கம், 2022-ல் வந்த மேக் வென்சுராவின் பிரிவியூ, போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. எங்கும் ஓடும் என்று பேர் வாங்கிய வடிவத்துக்கும் வயசாகும்.

30/
சரி டாக்டர், நாங்க என்ன செய்யணும்?
முதல் விஷயம்: வேர்டு, லிப்ரே ஆஃபீஸ் மாதிரி மென்பொருளில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' அல்லது 'எக்ஸ்போர்ட்' இருந்தால் அதையே பயன்படுத்துங்க. பிரிண்ட் வழியாகப் போனால் தலைப்பு, இணைப்பு, பார்வையற்றோர் படிக்க உதவும் குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். வருஷக் கணக்கில் வைக்க வேண்டிய ஆவணம் என்றால் ஆப்ஷனில் பிடிஎஃப்/ஏ என்பதை டிக் செய்யுங்க.

31/
இரண்டு: லேப் ரிப்போர்ட், பில்லிங் மென்பொருளில் பிரிண்ட் தவிர வேறு வழியே இல்லையா? விண்டோஸில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' தேர்ந்தெடுங்க. மேக்கில் பிரிண்ட் பெட்டியிலேயே 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' உண்டு.
உங்க மேசையில் இருக்கும் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து "பிரிண்ட் டு ஃபைல்" டிக் செய்யாதீங்க. அதில் வரும் பிஆர்என் ஃபைல் அந்த மாடல் பிரிண்டருக்கு மட்டும் எழுதின கடிதம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்குபவரால் திறக்கவே முடியாது.

32/
மூன்று: அச்சகத்தில் போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல்தான் வேணும் என்றால், அவர்களிடமே பிபிடி கேட்டு வாங்குங்க. டிரைவரில் 'போர்ட்டபிலிட்டி' அல்லது 'ஆர்கைவ்' தேர்ந்தெடுங்க. ஃபான்ட் இடத்தில், பிரிண்டர் ஃபான்ட்டை மாற்றாகப் போடு என்பதை எடுத்துவிட்டு, 'சாஃப்ட்ஃபான்ட்டாக அனுப்பு' என்று வையுங்க.
நான்கு: தாள் ஏ4, அளவு 100 சதவீதம். 'ஃபிட்' வேண்டாம்.

33/
ஐந்து, இதை மட்டுமாவது செய்யுங்க: பிடிஎஃபை அக்ரோபேட் ரீடரில் திறந்து, டாகுமென்ட் பிராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் பகுதியைப் பாருங்க. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கணும். இல்லாத ஃபான்ட் ஒன்று இருந்தாலும் அது "அங்கே கிடைக்கும்" என்று நம்பிக் கிளம்பியிருக்கு என்று அர்த்தம். உரிமையாளர் அனுமதிக்காத ஃபான்ட் உள்ளே போகாது. அப்போ ஃபான்ட்டையே மாற்றணும்.
பிறகு வேறொருவர் போனில் அதைத் திறந்து எண்களையும் அலகுகளையும் ஒருமுறை படிங்க.

34/
மருத்துவ நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. எந்த டிரைவர் என்றாலும் மைக்ரோவுக்கு அந்தக் கிரேக்க எழுத்தைப் போடாதீங்க. அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பான ஐஎஸ்எம்பி, தவிர்க்க வேண்டிய குறியீடுகள் பட்டியலில் அதை வைத்திருக்கிறது. பிரிட்டனின் பிஎன்எஃப் மருந்துக் கையேடு, மைக்ரோகிராமைச் சுருக்கவே கூடாது, முழு வார்த்தையாக எழுதணும் என்கிறது. இந்த அறிவுரை ஃபான்ட் தொலையும் ஃபைலுக்கும் அப்படியே பொருந்தும்.

35/
பொதுமக்களுக்கு: இணையத்திலோ வாட்ஸ்அப்பிலோ வந்த பிடிஎஃபில் இருக்கும் மருந்தளவு, டப்பாவில் இருக்கும் அலகோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்க. டப்பாவில் மைக்ரோகிராம், பிடிஎஃபில் மில்லிகிராம் என்றால் மாத்திரையை எண்ணாதீங்க. உங்க மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்க.
கெஷ்கி 2021-லும் வார்னாக் 2023-லும் காலமானார்கள். "அனுப்பியதே போய்ச் சேரணும்" என்பதற்காகத்தான் அவர்கள் அத்தனை ஆண்டு உழைத்தார்கள். ஃபான்ட்ஸ் பகுதியை ஒருமுறை திறந்து பார்க்க நமக்கு அரை நிமிஷம் போதும்.

டிடிபி, லேப், மருந்துக்கடை வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு இதைப் பகிருங்க.